ரெண்டு நாள் கூலியும் ஒரு ஊசியும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

கொரோனாவும் ஒடுக்கப்பட்ட மக்களும் என்று பெரிய தலைப்பைக் கொடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் இருபத்திரண்டு வருசமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவன். டாக்டரும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியும், அதற்கு நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றியும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2021 ஏப்ரல் கடைசி வாரம். ராத்திரி வேலை விட்டு வந்து லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா வந்து நின்றது. "ஏந்தம்பி, அந்த ஊசியப் போட்டுக்கலாமா வேண்டாமா? நீ நாலு எடம் போற, நாலு பொஸ்தகம் படிக்கிற. நீ சொன்னாச் சரி" என்று கேட்டது.

அக்காவுக்கு அப்போது 47 வயது. தாராபுரம் பக்கத்துச் சேரி. எங்கள் ஊர்தான். கைமடியாக இந்த ஊருக்கு வந்து செக்கிங்கில் ஏறிய பெண். 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஊசி என்று ஏப்ரல் 1-ஆம் தேதியே திறந்துவிட்டிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. தனியாரில் 250 ரூபாய். அக்கா நினைத்திருந்தால் மறுநாளே போட்டிருக்கலாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாதீங்கக்கா. ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்."

ஒரு மாசம் பொறுக்க நோய்க்கு நேரமில்லை. மே மூன்றாம் வாரம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆட்டோவிலேயே நாலு மணி நேரம் காத்திருந்தோம். மூன்றாம் நாள் போய்விட்டது. முகத்தைப் பார்க்க விடவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் என் பதில் தப்பு என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அன்றைக்குக் காற்றில் என்ன இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மக்கள் பயப்படக்கூடாது என்று சொல்வதற்காகவே கேமரா முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி இறந்துவிட்டார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். பிற்பாடு ஒன்றிய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் எங்கள் லைன் வீடுகளில் அந்தச் சாவுதான் பேச்சு. "அவ்வளவு பெரிய மனுசனுக்கே இந்தக் கதின்னா நம்ம கதி என்ன?"

அந்த மக்களை அறியாத ஜனங்கள் என்று தொலைக்காட்சியில் திட்டினார்கள். நான் திட்டத் தயாரில்லை. ஏனென்றால் எனக்கு வாட்ஸ்அப் பயம் இல்லை. எனக்கிருந்தது படித்த பயம். அதையும் சொல்கிறேன்.

2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 24,000 பிள்ளைகள். கம்மத்தில் அவர்களில் நிறையப் பேர் ஆதிவாசி, தலித் வீட்டுப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு பிள்ளைகள் இறந்துபோனார்கள். 2010-இல் நிறுத்தினார்கள். அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் புரட்டிப் பார்த்தபோது அப்பன் ஆத்தாள் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இதைக் கடுமையாகக் கண்டித்தது.

2020 டிசம்பரில் போபால். யூனியன் கார்பைடு விஷவாயுவில் வெந்த அதே குடியிருப்புகளின் மக்கள் கோவாக்சின் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். 750 ரூபாய் கிடைக்கும் என்று சொன்னார்கள், சோதனை என்று சொல்லவில்லை என்பது அம்மக்களின் புகார். மருத்துவமனை மறுத்தது. அந்தச் சோதனை முழுசாக முடிந்து பலன் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3-ஆம் தேதி, அதே ஊசிக்கு அவசர அனுமதி கொடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்தவன் நான். ஆகவே அக்கா கேட்டபோது எனக்குள் கம்மமும் போபாலும் எழுந்து நின்றன. நம் உடம்பு எப்போதும் அவர்களுக்குச் சோதனைக்கூடம் என்ற கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நியாயமான கோபத்தை அக்காவின் கேள்விக்குப் பதிலாகக் கொடுத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். ஒப்புதல் இல்லாமல் ஊசி போட்டது குற்றமா என்பது ஒரு கேள்வி. இந்த ஊசி இந்த நோயிலிருந்து காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்தேன்.

இந்த ஊரில் ஊசி வந்த கதையே சாதியின் கதைதான் தோழர்களே. 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகப் பெரியம்மை ஊசி போட்டார்கள். அன்றைக்கு மருந்துக் குப்பி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி விடுவார்கள். இப்படிக் கைக்குக் கை மாற்றித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளின் கைகளே மருந்துக் குப்பிகள். அப்போது மேல்சாதியார் என்ன சொன்னார்கள்? தாழ்ந்த சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் எங்கள் குழந்தையின் உடம்பில் ஏறக்கூடாது என்றார்கள். சாவு வந்தாலும் தீட்டு வரக்கூடாது. 2020-இல் "சமூக விலகல்" என்ற சொல்லை ஊர் முழுக்க ஒட்டியபோது நமக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. ராஜாஜியைக் குலக்கல்வித் திட்டத்தோடு சேர்த்து நமக்குத் தெரியும். 1954-இல் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியவர், 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார், பிரச்சாரமே செய்தார். காசநோய் யாரைத் தின்றது? குடிசையில், மில்லில், தோல் ஷாப்பில் மூச்சு விட்டவர்களைத் தின்றது. ஆகவே அவர் எதிர்த்ததால் ஊசி நல்லது என்று நான் முடித்துவிட்டால் எனக்குக் கைதட்டுவீர்கள். ஆனால் உண்மை அவ்வளவு லேசில்லை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பி.சி.ஜி.யைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயைத் தடுக்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இது. யார் சொன்னார்கள், யார் எதிர்த்தார்கள் என்று பார்த்து ஊசியை முடிவு செய்யக்கூடாது. எந்த ஊசி, எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு பலன், எவ்வளவு கெடுதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கணக்கைக் கேட்க வேண்டும்.

கணக்கு இருந்ததா? இருந்தது. நம் தமிழ்நாட்டுக் கணக்கே இருந்தது. தமிழகக் காவல்துறையில் 1,17,524 பேரை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பார்த்தது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, அலை உச்சத்தில் இருந்த ஒரு மாசம். கொரோனாவில் இறந்தவர்கள் 31 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அதில் செத்தது 20. ஒரு ஊசி போட்டவர்கள் 32,792 பேர், அதில் செத்தது 7. ரெண்டு ஊசி போட்டவர்கள் 67,673 பேர், அதில் செத்தது 4.

பீஸ் ரேட்டுக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. போடாதவர்களில் 850 பேருக்கு ஒரு சாவு. ஒன்று போட்டவர்களில் 4,700 பேருக்கு ஒரு சாவு. ரெண்டு போட்டவர்களில் 17,000 பேருக்கு ஒரு சாவு. ஊசி போட்டும் நாலு பேர் செத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வரிசையில் நிற்பது நல்லது என்பது தெரிகிறது. இந்தக் கணக்கு ஜூனில்தான் வெளியே வந்தது. அக்கா கேட்டது ஏப்ரலில். இருந்தாலும் பயத்தைப் படித்த நேரத்தில் பாதியாவது பலனைப் படிக்கச் செலவழித்தேனா? இல்லை.

கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். கோவிஷீல்டு ஊசியால் மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்பது 2021-லேயே ஐரோப்பாவில் பேசப்பட்டது. 2024-இல் அந்த மருந்தை உருவாக்கியதில் பங்குள்ள ஆஸ்ட்ராஜெனெகா இங்கிலாந்து நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஊசி போட்டிருந்த எத்தனை பேர் என்னிடம் ஓடி வந்தார்கள் தெரியுமா? முதலிலேயே, "அபூர்வமா இப்படி ஒண்ணு வரலாம், வந்தா முதல் சில வாரத்துக்குள்ள வரும், கடுமையான தலைவலி, வயித்துவலி, கால் வீக்கம்னா ஒடனே வாங்க" என்று சொல்லிப் போட்டிருந்தால் மூன்று வருசம் கழித்து அந்தப் பயம் வந்திருக்காது. சேரிச் சனத்துக்குச் சொன்னால் புரியாது என்று நினைக்கிற அதிகாரம்தான் வதந்திக்குத் தாய்.

சரி, பயமும் கணக்கும் மட்டும்தானா விஷயம்? இல்லை. அக்கா அன்றைக்குக் கடைசியாகக் கேட்டது வேறு. "காச்சல் வருமாமே தம்பி? ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாதாமே?"

இது நோயைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். அது கூலியைப் பற்றிய கேள்வி. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை கணக்கு. ரெண்டு நாள் படுத்தால் ரெண்டு நாள் சம்பளம் இல்லை. அந்த வாரம் லைன் வீட்டு வாடகையோ, மகளிர் குழுத் தவணையோ ஒன்று நிற்கும். அவசர ஆர்டர் ஓடும்போது ரெண்டு நாள் வராதவளின் டேபிளில் மூன்றாம் நாள் வேறொருத்தி நிற்பாள். 2020-இல் நாடே பூட்டிக் கிடந்தபோது மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைத்துக் கொடுத்த ஊர் இது. தைத்தவளுக்குக் காய்ச்சல் வந்து படுக்க ஒரு நாள் கூலியோடு கிடையாது.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அதன் வேரே நம் பாபாசாகேப்தான். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, தொழிலாளிக்கு நோய்க்காப்பு வேண்டும் என்று அடார்க்கரைத் திட்டம் தயாரிக்கச் சொன்னது அவர் துறை. அதிலிருந்து பிறந்ததுதான் 1948-ஆம் வருசச் சட்டம். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள். நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதம். முதல் ரெண்டு நாளுக்குக் கிடையாது, காத்திருப்புக் காலம் என்று பெயர். ஊசிக் காய்ச்சல் எத்தனை நாள்? ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். சட்டம் விட்டுவைத்த ஓட்டையில் சரியாக நம் காய்ச்சல் போய் விழுகிறது. அதுவும் இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனிக்காரனுக்கு. பவர்டேபிள், ஜாப் ஒர்க், வீட்டில் பிசிறு வெட்டுகிற பெண்களுக்கு அந்த அட்டையே கிடையாது.

2021 மே 1-ஆம் தேதி 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஊசி என்றார்கள். ஆனால் 44 வயது வரைக்கும் கோவின் வலைத்தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். அது இங்கிலீஷில் இருந்தது. ஜூனில் வேறு மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு சேர்த்தார்கள். செல்போன் இல்லாதவன், படிக்காதவன் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே அரசைக் கேட்டது. மே 20-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் நம் ஊர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான் 18 முதல் 44 வயதினருக்கான ஊசியைத் தொடங்கி வைத்தார். தொழிலாளியை முன்னால் வைத்தது நல்ல காரியம். ஆனால் பூங்காவுக்கு வெளியே, சந்துக்குள் பத்து மெஷின் போட்ட பட்டறையில் இருந்த நாங்கள் விடிகாலை நாலு மணிக்கு டோக்கனுக்கு நின்றோம். டோக்கன் தீர்ந்ததும் திரும்பி வந்து வேலைக்குப் போனோம்.

செப்டம்பர் 12-ஆம் தேதி மாநிலம் முழுக்க முதல் மாபெரும் முகாம். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு போட்டால் திங்கள் காய்ச்சல். திங்கள் வேலை நாள். அக்டோபர் 23-ஆம் தேதி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். சொல்லப்பட்ட காரணம் என்ன? ஞாயிற்றுக்கிழமை கறி தின்பவர்களும் குடிப்பவர்களும் ஊசிக்குத் தயங்குகிறார்களாம். தோழர்களே, எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கறியும் இல்லை, சாராயமும் இல்லை. திங்கள்கிழமை கூலி.

நாங்கள் அதற்கு முன்பே, ஆகஸ்டில், எங்கள் வீதியில் ஒன்று செய்து பார்த்தோம். சுகாதாரச் செவிலியர் ஒரு அம்மாவைச் சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கி வருகிற நேரத்துக்குக் கூப்பிட்டோம். அந்தம்மா ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் திண்ணையில் உட்கார்ந்தது. "கேளுங்க சாமி, என்ன வேணா கேளுங்க" என்றது. பிள்ளை பிறக்காதா, மாசவிலக்கு நிக்குமா, சர்க்கரை இருக்கிறவங்க போடலாமா, விவேக் ஏன் செத்தாரு. ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னது, தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது. பிறகுதான் ஊசி. ஞாயிறு முழுக்க காய்ச்சல் மாத்திரையோடு படுத்தார்கள். பட்டினி கிடக்காமல் இருக்க மாணவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். திங்கள் காலை பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். வேண்டாம் என்று சொன்ன சிலரை யாரும் ஏசவில்லை. அதில் பாதிப் பேர் அடுத்த மாசம் தாங்களே கேட்டு வந்தார்கள்.

இன்னொரு பக்கம் மிரட்டல் நடந்தது. ஊசிச் சீட்டு இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று கேட்டில் நிறுத்தினார்கள். தெருக் கூட்டுகிற நம் அருந்ததியர் சனத்துக்கு ஊசி பற்றி ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, வரிசையில் நில் என்ற உத்தரவு மட்டும். கையுறை கொடுக்காதவன் ஊசி மட்டும் கட்டாயம் என்றால் யார் நம்புவார்கள்? 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது, உடம்பின் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. பக்க விளைவுக் கணக்கை மக்களுக்கு வெளியிடு என்றும் சொன்னது. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறென்று சொல்லவில்லை. ரெண்டையும் சேர்த்துப் படியுங்கள். பாதியைப் படித்துவிட்டு ஊசியே தப்பு என்று பேசுகிறவர்கள் நம் மேடைக்கும் வருகிறார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேசுகிறேன்? கொரோனா ஊசிக்கு இன்று வரிசை இல்லை. ஆனால் கேள்வி முடியவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கம்மத்தில் எந்த நோய்க்குப் போட்டார்களோ அதே நோய்க்கு. போன மாசம் அக்காவின் மகள் என்னிடம் வந்தது. அதுவும் இப்போது செக்கிங்தான். அதற்கு ஒரு பெண் பிள்ளை. "மாமா, பாப்பாவுக்கு அந்த ஊசி போடலாமுங்களா?"

அதே வாசல், அதே கேள்வி. இந்த முறை நான் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். கம்மத்தில் நடந்ததைச் சொன்னேன். அங்கே செத்துப்போன பிள்ளைகளையும் சொன்னேன், கையெழுத்துப் போட்ட காப்பாளர்களையும் சொன்னேன். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் இந்தப் புற்றுநோய் குறைகிறது என்பதையும் சொன்னேன். மருத்துவமனை கூட்டிப் பரிசோதனை செய்ய வழியில்லாத நம் பெண்கள்தான் இந்த நோயில் முற்றிப்போய் வந்து சாகிறார்கள் என்பதையும் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல கொடுக்கிற காகிதத்த நீயே படி. புரியலைன்னா கையெழுத்துப் போடாத, கேளு. புரிஞ்சா நீயே போடு. வாத்தியார் போடக்கூடாது" என்றேன்.

1897-இல் புனேயில் கொள்ளைநோய் வந்தபோது சாவித்திரிபாய் பூலே, தன் மகன் டாக்டர் யஷ்வந்த்தோடு சேர்ந்து மருத்துவமனை நடத்தினார். நோய் கண்ட ஒரு மகர் வீட்டுப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். அந்த நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் தேதி இறந்துபோனார். நம் இயக்கத்துக்கு மருத்துவம் அந்நியமில்லை. அதை நாமே கையில் எடுத்து நடத்திய மரபு நமக்கு உண்டு.

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து "போட்டுக்கலாமா" என்று கேட்டால் தெரியாமல் பதில் சொல்லாதீர்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள். தொழிலாளித் தோழர்களே, அடுத்த கூலி உயர்வுப் பேச்சில் ஒரு கோரிக்கையைச் சேருங்கள்: ஊசி போட்டால் கூலியோடு ரெண்டு நாள் லீவு. இ.எஸ்.ஐ.யின் அந்தக் காத்திருப்புக் காலத்தை எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் கோரிக்கைதான். அந்த ரெண்டு நாள் கூலி கையில் இருந்திருந்தால், அக்கா என்னைக் கேட்காமலேயே போய்ப் போட்டிருக்கும்.